குமிழ் அடங்கும்வரை காத்திருங்கள்! - ரிமோட் கார்களின் ஊரான ஷிசுவோகாவில் ஒரு சுற்று

டோக்கியோவிலிருந்து மேற்கே புறப்படும் புல்லட் ரயில்களில் மிக வேகமானது ‘நொசோமி’. அது ஷிசுவோகாவில் நிற்காது. பிளாட்பாரத்தில் நிற்பவர்களின் சட்டையைப் படபடக்க வைத்துவிட்டு, ஊரைத் தாண்டிப் போய்விடும்.

ஷிசுவோகாவில் இறங்க வேண்டுமென்றால், ‘ஹிகாரி’ ரயில்களில் அங்கே நின்று போகும் ஒன்றைப் பார்த்து ஏற வேண்டும். இல்லையென்றால் எல்லா நிலையங்களிலும் நின்று, வேகமான ரயில்களுக்கு வழிவிட்டுப் போகும் ‘கொதாமா’வில் ஏற வேண்டும். ஹிகாரியில் சுமார் ஒரு மணி நேரப் பயணம். கொதாமாவில் இன்னும் கொஞ்சம் கூடுதல். மேகம் இல்லாத நாளாக இருந்தால், வலப்பக்க ஜன்னலில் ஃபுஜி மலை கூடவே வரும்.

அவசரக்காரர்கள் தாண்டிப் போகும் இந்த ஊர், தேயிலைக்கும் வசாபிக்கும் பெயர் பெற்றது. கறுப்புக் குழம்பில் கொதிக்கும் ‘ஒதேன்’ என்ற பதார்த்தத்துக்கும் பெயர் பெற்றது. உலகம் முழுக்க உள்ள மாடல் கார் பிரியர்களுக்கோ இது வேறொரு காரணத்துக்காகப் புனிதத் தலம். ஜப்பானில் தயாராகும் பிளாஸ்டிக் மாடல்களில் 80 சதவிகிதத்துக்கும் மேல் இந்த வட்டாரத்திலிருந்துதான் போகின்றன. ரிமோட்டில் ஓடும் கார்களை ஒரு பெட்டி நிறைய பாகங்களாகக் கொடுத்து, ‘நீயே செய்துகொள்’ என்று சொல்லும் வழக்கத்தை உலகம் முழுக்கப் பரப்பியதில் இந்த ஊருக்குப் பெரிய பங்கு உண்டு.

அந்தப் பெட்டிக்குள் விரல் நீளத்துக்கு ஒரு சின்ன பாகம் இருக்கும். அதைச் சரியாகச் செய்துவிட்டால் கார் தரையோடு ஒட்டி ஓடும். அவசரப்பட்டால், துள்ளிக் குதித்துக் கவிழும். அதன் பெயர் ஷாக் அப்சார்பர்.

தபால் பெட்டியே பொம்மை மாதிரி!

ஷிசுவோகா ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் கவனத்தை இழுப்பது ஒரு தபால் பெட்டி. பிளாஸ்டிக் மாடல் வாங்கினால், பாகங்கள் எல்லாம் ஒரு சட்டத்தில் ஒட்டிக்கொண்டு வரும் அல்லவா? ஒவ்வொன்றாக வெட்டி எடுத்துப் பொருத்த வேண்டும். அதேபோல, தபால் பெட்டியின் பாகங்கள் ஒரு பெரிய சட்டத்தில் கோத்து நிற்கின்றன. நடுவில் இருப்பது நிஜமான தபால் பெட்டி. கடிதம் போட்டால் போய்ச் சேரும்.

இதேபோல ஒரு பொதுத் தொலைபேசியும் இருக்கிறது. ‘பிளாஸ்டிக் மாடலாக மாறும் நகரம்’ என்ற பெயரில் மாநகராட்சி நடத்தும் திட்டத்தின் பகுதியாக, 2021 முதல் இப்படிப்பட்ட நினைவுச் சின்னங்கள் ஊருக்குள் முளைத்து வருகின்றன. சுற்றுலா வருபவர்கள் இவற்றின் பக்கத்தில் நின்று, தாங்களும் ஒரு பாகம் என்பதுபோல கைகால்களை விரித்துப் படம் எடுத்துக்கொள்வது வழக்கம்.

ஸ்டேஷனின் தெற்கு வாசல் பக்கம் ‘ஷிசுவோகா ஹாபி ஸ்கொயர்’ இருக்கிறது. டாமியா, பண்டாய், அவோஷிமா, ஃபுஜிமி, பக்கத்து ஊரான யாய்சுவின் ஹசெகாவா என்று இந்த வட்டாரத்து நிறுவனங்களின் படைப்புகளை ஒரே இடத்தில் பார்க்கலாம்.

கோயில் கட்ட வந்த தச்சர்கள்

இத்தனை மாடல் நிறுவனங்கள் ஏன் ஒரே ஊரில்? பதில், 400 ஆண்டுகளுக்கு முன்னால் தொடங்குகிறது.

ஜப்பானை ஒரு குடையின் கீழ் கொண்டுவந்த தொகுகவா இயெயாசு, முதுமையில் வந்து தங்கிய ஊர் இது. அவர் 1616-ல் இறந்த பிறகு, அவருக்காக கடலைப் பார்த்த மலை மீது குனோசன் தோஷோகு ஆலயம் எழுப்பப்பட்டது. பிறகு 19-ம் நூற்றாண்டில் செங்கென் ஆலயத்தைப் பிரமாண்டமாகத் திருப்பிக் கட்டினார்கள். அந்த வேலை 60 ஆண்டுகளுக்கு மேல் நடந்தது. இந்தத் திருப்பணிகளுக்காகப் பல ஊர்களிலிருந்து தச்சர்கள், சிற்பிகள், அரக்குப் பூச்சுக்காரர்கள் வந்தார்கள். வேலை முடிந்தும் பலர் ஊர் திரும்பவில்லை என்பது இந்த ஊர்க்காரர்கள் சொல்லும் வரலாறு.

அவர்களின் வழிவந்தவர்கள் மரச்சாமான், அரக்குப் பெட்டி, பொம்மை என்று செய்தார்கள். மரத்தை மயிரிழை அளவுக்கு இழைக்கத் தெரிந்த கைகள், 1930-களில் மர கிளைடர் மாடல்கள் செய்யத் தொடங்கின.

யோஷியோ டாமியா 1946-ல் இங்கே தொடங்கியது ஒரு மர வியாபாரம்தான். கூடவே மரத்தில் கப்பல், விமான மாடல்களும் செய்தார்கள். இடையில் தீ விபத்து, நஷ்டம். 1950-களில் மர வியாபாரத்தை விட்டுவிட்டு மாடல் தொழிலையே முழுதாகப் பிடித்துக்கொண்டது நிறுவனம். 1958-ல் கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு, மகன் ஷுன்சாகு டாமியா உள்ளே வந்தார்.

அப்போது உலகம் மரத்திலிருந்து பிளாஸ்டிக்குக்கு மாறிக்கொண்டிருந்தது. 1960-ல் டாமியா வெளியிட்ட முதல் பிளாஸ்டிக் மாடல், ‘யமாட்டோ’ போர்க்கப்பல். போட்டி நிறுவனம் அதே கப்பலைக் குறைந்த விலையில் இறக்க, டாமியாவின் கப்பல் விற்பனையில் தரைதட்டியது. அடுத்த ஆண்டு வந்த ‘பாந்தர்’ டாங்கிதான் காப்பாற்றியது. மோட்டார் வைத்த அந்த டாங்கி புத்தகம், தலையணை என்று எதன் மீதும் ஏறி இறங்கியது. ‘பார்க்க மட்டும் அல்ல, ஓடவும் வேண்டும்’ என்ற எண்ணம் அந்த நிறுவனத்தில் ஊன்றிக்கொண்டது.

ஒரு போர்ஷேயைப் பிரித்துப் போட்ட கதை

ஊரின் சுருகா வார்டில் இருக்கிறது டாமியாவின் தலைமை அலுவலகம். சிவப்பில் ஒன்று, நீலத்தில் ஒன்று என இரட்டை நட்சத்திரம்தான் அடையாளம். அதை வரைந்தவர் ஷுன்சாகுவின் தம்பி மசாவோ. சிவப்பு, படைப்பு வேகத்துக்கு. நீலம், துல்லியத்துக்கு.

உள்ளே, நிஜமான ஃபார்முலா 1 ரேஸ் கார் வரவேற்கிறது. முன்பக்கம் நான்கு, பின்பக்கம் இரண்டு என ஆறு சக்கரங்களோடு 1976-ல் பந்தயத்தில் ஓடிய ‘டிரெல் பி34’ வகை கார் அது. பொம்மை கம்பெனியில் நிஜ கார் எதற்கு? அவர்களின் வேலையே அப்படித்தான்.

1970-களில் போர்ஷே 934 காரை 12-ல் ஒரு பங்கு அளவில் மாடலாகச் செய்ய நினைத்தபோது, கிடைத்த படங்களும் அளவுகளும் போதவில்லை. ஷுன்சாகு ஒரு நிஜமான போர்ஷே 911 காரையே வாங்கி, பிரித்துப் போட்டுப் பார்த்தார். அதைத் திரும்பப் பூட்ட போர்ஷே மெக்கானிக்குகளை அழைக்க வேண்டியதாயிற்று என்று ஒரு கதை உண்டு.

இவ்வளவு செலவு செய்த அச்சை ஒரே ஒரு மாடலுக்கு மட்டும் பயன்படுத்தினால் கட்டுப்படியாகாது. அதனால் அதே வடிவத்தில் ரேடியோ கட்டுப்பாட்டில் ஓடும் காராகவும் கொண்டுவந்தார்கள். 1976-ல் வந்த அந்த போர்ஷே 934, டாமியாவின் முதல் ரிமோட் கார். அது ஓடியது வழுவழுப்பான தரையில்.

பிரச்னை அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

துள்ளும் கார்... அடங்கும் கார்!

1979-ல் ‘ரஃப் ரைடர்’, ‘சாண்ட் ஸ்கார்ச்சர்’ என்று மணலிலும் மண்ணிலும் ஓடும் கார்கள் வந்தன. மேடு, பள்ளம், கல், குழி. அங்கே சக்கரம் மேலும் கீழும் அசைய வேண்டும். அதற்கு ஸ்பிரிங் வேண்டும்.

ஆனால், ஸ்பிரிங்குக்கு ஒரு கெட்ட பழக்கம் இருக்கிறது. வாங்கிய அடியை அது வைத்துக்கொள்ளாது, திருப்பிக் கொடுத்துவிடும். ஒரு கல் மீது ஏறினால் சுருங்கும். சுருங்கிய வேகத்தில் விரியும். விரிந்த வேகத்தில் சக்கரம் தரையை விட்டு எழும்பும். தரையைத் தொடாத சக்கரத்துக்கு ஸ்டீயரிங்கும் கிடையாது, பிரேக்கும் கிடையாது.

இதை நேரில் பார்க்க 1984-ல் வந்த இரண்டு கார்கள் போதும். ஒன்று ‘கிராஸ்ஹாப்பர்’. பெயரே வெட்டுக்கிளி. விலை மலிவு, சின்ன மோட்டார், ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கிடையாது. ஓட்டினால் பெயருக்கு ஏற்றபடி தத்தித் தத்திப் போகும். இன்னொன்று அதே குடும்பத்தில் பிறந்த ‘ஹார்னெட்’. மோட்டார் பெரிது. பின்பக்க ஷாக் அப்சார்பர்களில் எண்ணெய். முன்பக்கம் துள்ளினாலும், பின்பக்கம் அடங்கி உட்காரும். இரண்டுமே பிற்காலத்தில் மறுபதிப்பாக வந்தன. அப்போது சிறுவர்களாக இருந்தவர்கள், இப்போது தங்கள் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கிறார்கள். பிள்ளைகளுக்குத்தான் என்று சொல்லிக்கொள்கிறார்கள்!

நம் ஊரில் பைக் ஓட்டுபவர்களுக்கு இது புதிதல்ல. முன்பக்க ஃபோர்க்கில் ஆயில் கசிந்துபோனால், ஸ்பீடு பிரேக்கர் ஏறி இறங்கியதும் வண்டி ‘தங் தங்’ என்று ஆடும். மெக்கானிக் ‘ஆயில் போயிடுச்சு’ என்பார். ஸ்பிரிங் நன்றாகத்தான் இருக்கும். அதை அடக்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

விரல் நீள உருளைக்குள் என்ன இருக்கிறது?

அடக்கும் ஆள், எண்ணெய். ஒரு சின்ன உருளை. அதற்குள் நுனியில் பிஸ்டன் பொருத்திய ஒரு மெல்லிய கம்பி. பிஸ்டனில் ஒன்று, இரண்டு அல்லது மூன்று பொடி ஓட்டைகள். உருளை நிறைய எண்ணெய்.

சக்கரம் மேலே எழும்பும்போது கம்பி உள்ளே போகிறது. பிஸ்டன் நகர வேண்டுமென்றால், அதன் ஒரு பக்கத்தில் இருக்கும் எண்ணெய் அந்தப் பொடி ஓட்டைகள் வழியே மறு பக்கத்துக்குப் பிதுங்கிப் போக வேண்டும். அந்தச் சிரமத்தில் துள்ளலின் சக்தி சூடாக மாறிக் கரைந்துவிடுகிறது. ஓட்டை அதிகமென்றால் எண்ணெய் சுலபமாகப் போகும், கார் மென்மையாக அசையும். ஓட்டை குறைந்தால் விறைப்பு கூடும். நிஜ காரிலும் இதே வேலைதான், அளவு மட்டும் பெரிது.

இதில் ஒரு சின்ன சிக்கல் இருக்கிறது. எண்ணெயை அழுத்திச் சுருக்க முடியாது. கம்பி உள்ளே வரும்போது அதுவும் இடத்தை அடைக்கிறது. விளிம்புவரை தண்ணீர் நிறைந்த சொம்பில் கையை விட்டால் வழிகிறது அல்லவா? மூடிய உருளைக்குள் வழிய இடம் ஏது?

அதனால்தான் மூடிக்கு அடியில் ஒரு மெல்லிய ரப்பர் சவ்வு வைக்கிறார்கள். கம்பி உள்ளே வந்தால் சவ்வு மேலே நெளிந்து இடம் கொடுக்கும். வெளியே போனால் பழைய நிலைக்கு இறங்கும். சட்டைப் பொத்தான் அளவு இருக்கும் இந்த ரப்பரை, உதிரி பாகம் என்று நினைத்து மூலையில் போட்டுவிடுபவர்கள் உண்டு. மூடியை இறுக்கிய பிறகு கம்பி உள்ளே போக மறுக்கும்போதுதான் அது நினைவுக்கு வரும்.

ஊற்று... அசை... காத்திரு!

செய்முறைக்கு வருவோம். டாமியா பெட்டிகளில் வரும் கையேட்டில் எழுத்து குறைவு, படம் அதிகம். ஜப்பானிய மொழி தெரியாதவரும் படத்தைப் பார்த்தே செய்துவிடலாம்.

முதலில் கம்பியில் பிஸ்டன். அதன் மேலும் கீழும் ‘ஈ’ எழுத்து வடிவத்தில் ஒரு குட்டி கிளிப். அரிசியைவிடச் சற்றே பெரிய இந்த கிளிப், இடுக்கியிலிருந்து நழுவினால் அறையின் மறுகோடிக்குப் பறந்துவிடும். அனுபவசாலிகள் கையையும் பாகத்தையும் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் விட்டுக்கொண்டு இதை மாட்டுவார்கள். வீட்டில் தவழும் குழந்தை இருந்தால், பறந்த கிளிப்பைத் தேடி எடுக்காமல் எழுந்திருக்கக் கூடாது.

அடுத்து, உருளையின் அடியில் ஓ-ரிங். கம்பி வழியாக எண்ணெய் கசியாமல் பிடிப்பது இந்த ரப்பர் வளையம்தான். அதில் ஒரு சொட்டு எண்ணெய் தடவி, கம்பியை மெல்லச் சுழற்றி நுழைக்க வேண்டும். காய்ந்த ரப்பரில் மரைப் பகுதியைத் திணித்தால், கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். பிறகு எத்தனை முறை ஊற்றினாலும் கசியும்.

கம்பியின் அடி நுனியில் பிளாஸ்டிக் கொண்டியைத் திருகும்போதும் கவனம் வேண்டும். கம்பியைக் குறடால் அப்படியே பிடித்தால் தழும்பு விழும். அந்தத் தழும்பு ஒவ்வொரு அசைவிலும் ஓ-ரிங்கை அறுக்கும். இடையில் ஒரு துணியோ ரப்பர் துண்டோ வைத்துப் பிடித்தால் போதும்.

இப்போது எண்ணெய். கம்பியைக் கீழே முழுதாக இழுத்துவிட்டு, உருளையை நிமிர்த்திப் பிடித்து, விளிம்புக்குச் சற்றுக் கீழே வரை ஊற்ற வேண்டும். பிறகு, பிஸ்டனை மெதுவாக மேலும் கீழும் அசைக்க வேண்டும். பிஸ்டன் எண்ணெய்க்கு மேலே தலைகாட்டக் கூடாது. காட்டினால் புதுக் காற்றை இழுத்துக்கொண்டு இறங்கும். அசைக்க அசைக்க, அடியில் ஒளிந்திருந்த காற்று ஓட்டைகள் வழியே குமிழ் குமிழாக மேலே வரும்.

இங்கேதான் காத்திருக்க வேண்டும்.

பெரிய குமிழ்கள் உடனே வந்துவிடும். கடுகுக் குமிழ்கள் மெதுவாக வரும். ரவைபோலப் பொடிப்பொடியாக இருப்பவை எண்ணெயில் தொங்கிக்கொண்டே நிற்கும். எண்ணெய் கெட்டியாக இருந்தால் இன்னும் தாமதம். நான்கு ஷாக் அப்சார்பர்களையும் ஒரு தாங்கியில் வரிசையாக நிற்க வைத்துவிட்டு, ஐந்து முதல் பத்து நிமிடம் தொடாமல் இருக்க வேண்டும். தாங்கி இல்லையா? அட்டைப் பெட்டியில் நான்கு ஓட்டை போட்டால் போதும். விளிம்பில் லேசாகத் தட்டினால் பிடிவாதக் குமிழ்களும் கிளம்பும்.

பத்து வயதுப் பிள்ளைக்கு இந்தப் பத்து நிமிடம் மிக நீளமானது. காரின் மற்ற பாகங்கள் எல்லாம் தயார். இதை மாட்டிவிட்டால் ஓட்டலாம். ‘போதும்ப்பா... மூடிடலாமா?’ என்ற கேள்வி இரண்டாவது நிமிடத்திலேயே வந்துவிடும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியவருக்கும் உள்ளுக்குள் அதே ஆசைதான்!

குமிழ் நின்றதும், எண்ணெய் விளிம்பில் லேசாகப் பொங்கி நிற்கும் அளவுக்கு நிரப்ப வேண்டும். ரப்பர் சவ்வைச் சாய்த்து, ஒரு ஓரத்திலிருந்து மெல்லப் படிய வைக்க வேண்டும். நேராகப் பொத்தென்று வைத்தால் காற்றும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும். வழியும் எண்ணெயை டிஷ்யூவால் துடைத்துவிட்டு மூடியைத் திருகினால் வேலை முடிந்தது. டைல்ஸ் தரையில் சிந்திய சிலிக்கான் எண்ணெயை அப்போதே துடைத்துவிடுங்கள். வீட்டில் பெரியவர்கள் நடக்கும் இடமென்றால் மிகவும் ஆபத்து.

காதருகே வைத்துக் கேளுங்கள்

சரியாகச் செய்தோமா என்று எப்படித் தெரியும்? காதருகே வைத்து, கம்பியை மெல்ல உள்ளே தள்ள வேண்டும். ‘சளக்... புளக்’ என்று சத்தம் வந்தால் காற்று இருக்கிறது. சத்தமில்லாமல், ஒரே சீரான தடையோடு போனால் வெற்றி.

காற்று இருந்தால் என்ன ஆகும்? எண்ணெயைப்போல் அல்லாமல் காற்று சுருங்கும். கம்பி கொஞ்ச தூரம் எந்தத் தடையும் இல்லாமல் போகும். பிறகு திடீரென்று எண்ணெய் பிடிக்கும். கார் முதலில் தொளதொளப்பாகவும் அடுத்த நொடி விறைப்பாகவும் இருந்தால், ஓட்டுபவரால் எதையும் கணிக்க முடியாது.

எண்ணெய் அளவுக்கு மீறி இருந்தால் வேறு அறிகுறி. உள்ளே தள்ளிய கம்பி, யாரோ பின்னாலிருந்து தள்ளுவதுபோல விருட்டென்று வெளியே வரும். அல்லது முழுதாக உள்ளே போகாது. மூடியைச் சற்றுத் தளர்த்தி, கம்பியை மெல்லத் தள்ளி, ஒரு சொட்டு எண்ணெயை வெளியேற்றிவிட்டு இறுக்கினால் சரியாகும்.

இன்னொரு சோதனை, ஜோடிப் பொருத்தம். இடது, வலது ஷாக் அப்சார்பர்களின் நுனிகளை ஒன்றோடு ஒன்று முட்ட வைத்து, இரண்டு பக்கமிருந்தும் அழுத்த வேண்டும். இரண்டும் சமமாக உள்ளே போக வேண்டும். ஒன்று மட்டும் விட்டுக்கொடுத்தால், கார் இடது திருப்பத்தில் ஒரு மாதிரியும் வலது திருப்பத்தில் வேறு மாதிரியும் நடந்துகொள்ளும்.

கடைசியாக, காரை ஒரு சாண் உயரத்திலிருந்து மேசை மீது விட்டுப் பார்ப்பார்கள். பந்துபோல எகிறினால் தோல்வி. பூனை குதித்ததுபோல ‘தொப்’பென்று அமர்ந்தால், ஓட்டக் கிளம்பலாம்.

எந்த எண்ணெய்?

ஷாக் அப்சார்பரில் ஊற்றுவது சிலிக்கான் எண்ணெய். வெயிலிலும் குளிரிலும் இதன் கெட்டித்தன்மை மற்ற எண்ணெய்களைப்போல அவ்வளவாக மாறாது. டாமியாவில் எண்ணைப் பார்த்து வாங்கலாம். வழக்கமாகச் சேர்ந்து வருவது 400 எண், மஞ்சள் நிறம். தேங்காய் எண்ணெயைவிடக் கெட்டி, விளக்கெண்ணெயைவிடச் சற்று இளக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். எண் கூடினால் கெட்டி கூடும். வெயில் காலத்தில் ஒரு படி கெட்டியான எண்ணெயும், குளிர் காலத்தில் ஒரு படி இளக்கமானதும் போடுவது ரேஸ் ஓட்டுபவர்களின் வழக்கம். ஒரு நிறுவனத்தின் எண்ணும் இன்னொன்றின் எண்ணும் ஒன்றல்ல என்பதால், நான்கிலும் ஒரே நிறுவனத்து எண்ணெயை ஊற்றுவதே நல்லது.

வீட்டில் இருக்கும் தையல் மிஷின் எண்ணெயையோ, இன்ஜின் ஆயிலையோ ஊற்றிப் பார்க்கலாமா? வேண்டாம். பெட்ரோலிய எண்ணெய் பட்டால் சிலிக்கான் ஓ-ரிங் ஊதிப் பெருத்துவிடும். தேங்காய் எண்ணெய், மார்கழிக் குளிரில் உறைந்துவிடும்.

பெட்டிக்குள் ஒரு கேள்வி

ஒவ்வொரு மே மாதமும் ஷிசுவோகாவின் ‘ட்வின் மெஸ்ஸே’ அரங்கில் ஹாபி ஷோ நடக்கிறது. 1959-ல் தொடங்கிய கண்காட்சி இது. 2025-ல் நடந்தது 63-வது. வியாபாரிகளுக்கு, பள்ளி மாணவர்களுக்கு, பொதுமக்களுக்கு எனத் தனித்தனி நாள்கள். நூற்றுக்கணக்கான மாடல் கிளப்கள் தங்கள் படைப்புகளை மேசைகளில் பரப்பி வைக்கின்றன. மேசைகளுக்குப் பின்னால் நரைத்த தலைகள் நிறையவே தெரியும்.

ஜப்பானில் குழந்தைகளின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே போகிறது. இருக்கும் குழந்தைகளின் கைகளில் போன். பெட்டியைத் திறந்து, பேட்டரியை மாட்டியதும் ஓடும் தயார் நிலை ரிமோட் கார்கள் கடைகளில் குவிந்திருக்கின்றன. அவற்றில் ஷாக் அப்சார்பர் முன்பே பூட்டி வரும். காத்திருக்க வேண்டியதில்லை. கெட்டுப்போனால் எங்கே திறப்பது என்றும் தெரியாது.

டாமியாவும் பூட்டி முடித்த கார்கள் சிலவற்றை விற்கிறது. நிறுவனத்தின் ஒரு தொழிற்சாலை பிலிப்பைன்ஸின் செபுவில் இயங்குகிறது. காலத்துக்கு ஏற்ப அவர்களும் மாறித்தான் இருக்கிறார்கள். ஆனால் பெரும்பாலான கார்கள், இன்றும் பாகங்கள் நிறைந்த பெட்டியாகத்தான் வருகின்றன. ஆரம்பக்காரர்களுக்கான சில மாடல்களில் எண்ணெய் இல்லாத எளிய ஷாக் அப்சார்பரைக் கொடுத்துவிடுகிறார்கள். ஆர்வம் வந்த பிறகு, எண்ணெய் ஊற்றும் வகையைத் தனியாக வாங்கி மாற்றிக்கொள்ளலாம். முதலில் ஓட்டட்டும், துள்ளல் எரிச்சல் மூட்டட்டும், ஏன் துள்ளுகிறது என்ற கேள்வி வரட்டும்! அந்தக் கேள்வி வந்த பிள்ளை, பத்து நிமிடம் காத்திருக்கச் சம்மதிக்கும்.

ஷுன்சாகு டாமியா 2025 ஜூலையில், 90 வயதில் மறைந்தார். கார் இன்ஜினீயர்கள், டிசைனர்கள், ரேஸ் மெக்கானிக்குகள் என்று பலர், ‘எங்கள் முதல் பாடம் அந்த இரட்டை நட்சத்திரப் பெட்டியில் தொடங்கியது’ என்ற பொருளில் இணையத்தில் அஞ்சலி எழுதினார்கள். நிஜ காரின் ஷாக் அப்சார்பரைத் திறந்து பார்க்கும் வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிடைக்கும்? விரல் நீள உருளை ஒன்றில் தானே எண்ணெய் ஊற்றிப் பார்த்தவருக்கு, அதன் சூத்திரம் கையிலேயே தங்கிவிடுகிறது.

அவர் இல்லாத ஷிசுவோகாவில் அந்தப் பெட்டிகள் இன்னும் எத்தனை காலம் வரும் என்பது, ஊரின் கையில் மட்டும் இல்லை. பெட்டியைத் திறக்கும் வீடுகளின் கையிலும் இருக்கிறது.

போக விரும்புகிறவர்களுக்கு...

* டோக்கியோவிலிருந்து ஹிகாரி அல்லது கொதாமா ரயில். ஏறும் முன் ஷிசுவோகாவில் நிற்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தவறி நொசோமியில் ஏறினால் அடுத்து இறங்குவது பெரும்பாலும் நகோயாவில்தான்!

* மே மாத ஹாபி ஷோ சமயத்தில் ஹோட்டல் அறைகள் வேகமாக நிரம்பிவிடும். முன்பே பதிவு செய்வது நல்லது. பொதுமக்களுக்கான நாள்களையும் நுழைவு விதிகளையும் ஆண்டுதோறும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

* டாமியா தலைமை அலுவலகத்தின் காட்சிக்கூடத்துக்குப் போவதென்றால், திறந்திருக்கும் நாள்களை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். அது இயங்கும் அலுவலகம் என்பதால் விடுமுறை நாள்களில் ஏமாற்றம் மிஞ்சலாம்.

* குனோசன் தோஷோகு ஆலயத்துக்கு கடற்கரைப் பக்கமிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். ஏற முடியாதவர்களுக்கு, நிஹோன்தைரா குன்றிலிருந்து ரோப்வே இருக்கிறது. தூணிலும் விட்டத்திலும் உள்ள வேலைப்பாட்டைக் கொஞ்சம் நின்று பாருங்கள். பின்னாளில் பாந்தர் டாங்கியும் ஹார்னெட் காரும் பிறந்த ஊரின் கைவேலை, இதுபோன்ற இடங்களில்தான் தொடங்கியது.

* கார் வாங்கி ஊருக்குக் கொண்டுவருபவர்கள், பேட்டரி விஷயத்தில் விமான நிறுவனத்தின் விதிகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். எண்ணெய்ப் பாட்டிலை இறுக்கி மூடி, தனிப் பையில் போட்டு, செக்-இன் பெட்டியில் வையுங்கள்.

திரும்பும்போது ஷிசுவோகா பிளாட்பாரத்தில் நின்றால், ஒரு நொசோமி எப்படியும் கடந்து போகும். ஒரே இரைச்சல், ஒரே காற்று. அது போன பிறகு கொதாமா வந்து நிற்கும். மடியில் பெரிய பெட்டியோடு ஏறும் பிள்ளைகள் சிலர் அதில் இருப்பார்கள். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும், உருளையில் எண்ணெய் ஊற்றி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்கள்.

கடைசிக் குமிழும் மேலே வந்து உடையட்டும். அதன் பிறகு மூடலாம்.